தோட்டக்காரரும் சிலேடையும்

நகைச்சுவையுள் எளியது சிலேடை என்பர் சிலர். கடையானது என்பர் வேறு சிலர். ஒரு சொல்லைத் திருப்பி வைத்து மற்றொரு பொருள் காட்டுதல் சிறுவர் விளையாட்டென்று தள்ளுவாரும் உளர். அங்ஙனம் தள்ளுதல் தகாதென்பதும், சிலேடையால் எழும் நகை யார்மேல் விழுகின்றதென்று நோக்கியே அதன் உயர்வு தாழ்வை அளத்தல் வேண்டுமென்பதும் எமது கருத்தாகும். இதற்குத் தோட்டக்காரரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மேனாட்டுப் பழைய கேலிச் சித்திரங்களில் அவர் பல கோலத்தில் நிற்கின்றார். போடிநாயக்கனூரிலும் அதற்கு மேலுள்ள ஏலமலைச் சரிவுகளிலுமோ அவர் பெயரே ஒரு சிலேடையாய் நிற்கின்றது.

முதற்கண் எம்முடைய குற்றத்தைச் சொல்லிவிடுதல் முறை. யான் மாணாக்கனாயிருந்த நாளில் விடுதியிற் கையெழுத்துப் பத்திரிகையொன்று நடத்தி வந்தோம். அதன் இதழொன்றில் கல்லூரித் தோட்டக்காரரைக் குனிந்த முதுகும் நீண்ட மூக்குமாய் வரைந்து, மண்வெட்டியொன்றையும் கையிற் கொடுத்து, அடியில், “இங்கே கலை பயில்வோர் ஆயிரவர், களை பயில்வோன் ஒருவனே” என்று எழுதினோம். இதழ் அறைதோறும் சென்றது. எல்லோரும் சிரித்தோம். எவ்வாறோ அது அவர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் தேவாரம் பக்கத்தவர். இளமையில் ஏலத்தோட்டங்களில் வேலை பார்த்தவர். சித்திரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “மம்பட்டிய இப்பிடிப் பிடிச்சா மண்ண வெட்டாது தம்பி, கால வெட்டிப்புடும்” என்றார். அவ்வளவே. அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீர் பாய்ச்சப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எமது இதழுக்கு வேண்டிய மதிப்புரை முழுவதும் அடங்கியிருந்ததென்பதை யான் உணர்வதற்கு ஆண்டுகள் பல சென்றன. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிலேடை இன்னதென்பதை முதலிற் பார்ப்போம். ஒரு வகையாய் நின்ற சொற்றொடர் பல பொருள் தருவதே சிலேடை. பிரிக்காமலே இரு பொருள் தருவது செம்மொழிச் சிலேடை. பிரித்த வழிப் பொருள் வேறுபடுவது பிரிமொழிச் சிலேடை. தண்டியலங்காரம் கூறும் வகை இவை. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய காளமேகப் புலவர் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே பாட்டில் வைத்துப் பாடியதை அறியாத தமிழ் மாணாக்கர் இரார். இந்த இலக்கணத்தைக்கொண்டு நோக்கின், எமது ‘கலை’யும் ‘களை’யும் சிலேடையே ஆகா. லகரமும் ளகரமும் வேறு. அது வெறும் ஒலியொப்பு. ஆகவே நகைத்ததில் மட்டுமன்றி இலக்கணத்திலும் நாங்கள் தவறினோம்.

நல்ல செம்மொழிச் சிலேடைக்குப் புலவரைத் தேடிப் போக வேண்டுவதில்லை. போடிநாயக்கனூருக்கு வந்தாற் போதும். அவ்வூரின் வாணிகம் முழுவதும் ஒரு சிலேடையின்மேல் நடைபெறுகின்றது. ‘ஏலம்’ என்பது நறுமணக் காய். ‘ஏலம்’ என்பது கூவி விற்றலும் ஆம். முன்னது வடமொழியில் ‘ஏலா’ என வழங்கும் பழஞ்சொல். பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றாகிய ஏலாதி, ஏலம் முதலிய ஆறு மருந்துச் சரக்குகள் சேர்ந்த சூரணத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. பின்னது போர்த்துக்கீசியர் கொணர்ந்த ‘லெய்லாவ்’ என்னும் சொல்லினின்று வந்தது. அதற்கும் மூலம், அறிவித்தல் என்னும் பொருளுடைய அரபுச் சொல். மலையில் பிறந்ததொரு சொல்லும் கடல் கடந்து வந்ததொரு சொல்லும் ஒலியால் ஒன்றாகிப் போடியின் கடைவீதியிற் சந்தித்துக்கொண்டன. ‘ஏலம் ஏலத்துக்குப் போகிறது’ என்று அவ்வூரார் சொல்லும்போது ஒருவரும் சிரிப்பதில்லை. அவர்களுக்கு அது சிலேடையன்று, வயிற்றுப்பாடு.

இந்த இரண்டாம் ஏலமும் இன்று தன் பெயருக்கு மாறாகிவிட்டது. நறுமணப்பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் 2007-ஆம் ஆண்டு முதல் மின்னணு ஏலம் நடந்து வருகின்றது. தமிழ்நாட்டில் போடிநாயக்கனூரும், மலைக்கு அப்பால் கேரளத்தில் வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடியும் அதற்குரிய இடங்கள். வியாபாரிகள் கணிப்பொறியின் முன் வரிசையாய் அமர்ந்திருப்பர். மாதிரிக் காய் அவர்கள் கைக்கு வரும். நிறத்தைப் பார்த்து, பருமனைப் பார்த்து, ஓசையின்றி விசையைத் தட்டுவர். சில நொடியில் ஒரு குவியல் கைம்மாறிவிடும். கூவல் என்று பொருள்பட்ட தொழிலில் கூவுவார் இல்லை.

இனித் ‘தோட்டக்காரர்’ என்னும் சொல்லைக் காண்போம். எங்கள் பக்கத்தில் ‘அவர் தோட்டக்காரர்’ என்றால், மலையில் ஏலத்தோட்டத்துக்கு உடையவர் என்பது பொருள். வெள்ளை வேட்டியும் மோட்டாரும் ஊரில் மாடி வீடும் அச்சொல்லுடனே நினைவுக்கு வரும். ‘அவன் தோட்டக்காரன்’ என்றாலோ நீர் பாய்ச்சுபவன், களை பறிப்பவன், கூலிக்காரன். சொல் ஒன்றே, ஈற்றில் நின்ற ரகரம் முதலாளியையும் னகரம் தொழிலாளியையும் காட்டுகின்றன. ஒற்றெழுத்தொன்றில் ஒரு மலையின் மேடும் பள்ளமும் அடங்கிவிடுகின்றன. இதனினும் கூரிய கேலிச் சித்திரத்தை எந்த ஓவியர் வரைவார்? ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ரகரத்தார் மண்ணைத் தொடாதிருக்கலாம். னகரத்தானுக்கு அது இயலாது.

ஏலச்செடியின் காய் கிளையில் தொங்குவதன்று. செடியின் அடியினின்று புறப்பட்டுத் தரையோடு தரையாய்ப் படரும் பூஞ்சரத்தில் காய்ப்பது. ஆதலால் காய் எடுப்போர் குனிந்தோ குத்தவைத்தோதான் எடுத்தல் வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ ஏலம் கிடைக்கும். எல்லாக் காயும் ஒருசேரப் பழுப்பதில்லை. ஆகையால் ஒரே செடியை மாதமொரு முறை போல மீண்டும் மீண்டும் தேடிப் போதல் வேண்டும். இவ்வேலையிற் பெரும்பான்மையோர் பெண்டிர். விடியுமுன் போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் கம்பத்திலும் ஜீப்பு ஏறி, மலைப்பாதையின் வளைவுகளெல்லாம் கடந்து, மாநில எல்லையைத் தாண்டி வேலைக்குப் போய், இருட்டும் வேளையில் திரும்புவோர் பலர். மழைக்காலத்தில் மலையிலே காலில் ஏறுவது ஓர் அட்டை. வீட்டிலே பெட்டியில் இருப்பது குடும்ப அட்டை. ஒன்று குருதியை உறிஞ்சும். மற்றொன்று அரிசி கொடுக்கும். இரண்டுக்கும் இடையே அவர்கள் வாழ்நாள் செல்கின்றது. இந்தச் சிலேடையும் யாம் புனைந்ததன்று. தமிழே புனைந்து வைத்தது.

ஏலச்செடிக்குப் புலமை நூலார் இட்ட பெயர் நம்மை மேனாட்டுச் சித்திரங்களிடம் கொண்டு செல்கின்றது. அச்செடியை இன்று தாவர நூலார் ‘எலெட்டேரியா’ என்பர். அது ‘ஏலத்தரி’ என்னும் மலையாளச் சொல்லின் திரிபு. கொச்சியில் டச்சுக்காரரின் தலைவராயிருந்த வான் ரீடே என்பார் தொகுப்பித்த ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்’ என்னும் பெருநூலினின்று அப்பெயர் எடுக்கப்பட்டது. ‘மலையாளத் தோட்டம்’ என்பது அந்நூற்பெயரின் பொருள். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாய் வெளிவந்த அந்நூலுக்குச் செடிகளின் பெயரும் பயனும் உரைத்தவருள் தலையாயவர் இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர். அவர் பெயர் நூலிலேயே இருக்கின்றது. காட்டினின்று செடிகளைக் கொண்டுவந்தோர் பலர். அவர்கள் பெயரை நாம் அறியோம்.

அந்நூல் அச்சேறுவதற்கு நாற்பது ஆண்டுகட்கு முன்பே டச்சுக்காரர் ஒரு பூவின் பொருட்டுப் பித்தேறியிருந்தனர். துலிப் என்னும் பூச்செடியின் கிழங்கை, அது மண்ணுக்குள் இருக்கும்போதே, சீட்டெழுதிக் கைமாற்றிக் கைமாற்றி விற்றனர். 1637 பிப்ரவரித் தொடக்கத்தில் ஹார்லெம் நகரில் வாங்குவாரின்றி விலை வீழ்ந்தது. அதே நாட்களில், பிப்ரவரி 5-ஆம் நாள், ஆல்க்மார் என்னும் ஊரில் இறந்துபோன விடுதிக்காரர் ஒருவரின் அநாதைப் பிள்ளைகளுக்காக நடந்த கிழங்கு ஏலமோ ஏறக்குறைய 90,000 கில்டர் ஈட்டியது. இதனால் நாடே அழிந்ததென்பது மிகையென்று பிற்கால ஆராய்ச்சியாளர் காட்டியுள்ளனர். ஆயினும் நகைப்புக்கு அது நல்விளைவு கொடுத்தது.

அவ்வாண்டிலேயே பீட்டர் நோல்பே என்பார் செதுக்கிய சித்திரமொன்று வெளிவந்தது. பெரியதொரு கோமாளிக் குல்லாய். அதுவே ஒரு சாராய விடுதி. உள்ளே கிழங்கு வியாபாரிகள் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றனர். பூத்தேவி கழுதைமேல் ஏறிப் போகின்றாள். அவ்விடுதியின் பெயர்ப்பலகையை நோக்குக. ‘இரண்டு பைத்தியக்காரக் கிழங்குகள்’ என்று படிக்கலாம். ‘இரண்டு பைத்தியக்கார மண்டைகள்’ என்றும் படிக்கலாம். டச்சு மொழியில் ‘பொல்’ என்னும் ஒரே சொல் கிழங்கையும் மண்டையையும் குறிக்கும். காளமேகம் கண்டால் கைகொட்டியிருப்பார். அதே ஆண்டில் வெளிவந்த உரையாடல் நூலொன்றில், தறியை விட்டுவிட்டுப் பூவியாபாரத்தில் இறங்கிய நெசவாளி ஒருவன் வருகின்றான். அவன் பெயர் ‘பொருள்சேர்ப்போன்’ என்று பொருள்படும். அவனுக்கு அறிவு புகட்டும் நண்பனின் பெயரோ ‘மெய்வாயன்’. அக்காலத்து வசைநூலார் ‘பூக்காரர்’ என்று நகைத்தது இத்தகைய வியாபாரிகளையே. பூமியைக் கொத்தாமற் பூவினாற் செல்வம் தேட முற்பட்டவரே அங்கே நகைக்கு இலக்காயினர்.

பிறநாட்டுச் சித்திரம் எல்லாம் இத்தன்மையன அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிசில் லார்மெஸ்ஸேன் என்பார் தொழிலாளரை அவரவர் கருவிகளையும் விளைபொருள்களையுமே ஆடையாக உடுத்தி வரைந்தார். அவ்வரிசையில் தோட்டக்காரரும் ஒருவர். கண்ணுக்கு இனிய படமே. ஆயினும் அதிற் கருவியும் காயும் பூவும் மிகுந்து ஆள் குறைந்துபோகிறான். ஒருவனை அவன் கருவியாகவே காணும் பழக்கம் அங்கே அழகிய உடை தரித்து நிற்கின்றது. லண்டனில் 1772-ஆம் ஆண்டில் மாத்யூ டார்லி என்பார் வெளியிட்ட படங்கள் வேறு வகை. அவர் நகைத்தது ஜோசப் பேங்க்ஸ், சோலாண்டர் என்னும் பெரும் தாவர நூலாரை. சோலாண்டரின் படத்துக்கு இட்ட பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் மூலிகை என்றும் பேதை என்றும் இருபொருள்பட நின்றது. உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்ற இருவரைப் பார்த்துச் சிரித்தால் அவர்களுக்கு ஒரு கேடும் இல்லை. அவர்கள் புகழ் இன்றும் இருக்கின்றது, படமும் இருக்கின்றது.

நம் நாட்டிலும் கேலிச் சித்திரம் இந்நெறியிலேதான் தலையெடுத்தது. 1906-ஆம் ஆண்டிற் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகையில் பாரதியார் சித்திரங்களை வெளியிட்டு அந்நிய ஆட்சியை நகைத்தார். 1930-களில் ஆனந்த விகடனில் வரைந்தவர் மாலி. மகாலிங்கம் என்னும் பெயரின் சுருக்கம் அது. துரைமார் பங்களாக்களில் தோட்டக்காரனை அழைத்த பெயரும் ‘மாலி’யே! எனவே தமிழ்க் கேலிச் சித்திரத்தின் தோட்டக்காரர் படத்தில் நிற்பவர் அல்லர், படத்தை வரைந்தவர். அத்தோட்டக்காரர் நட்ட கன்றுகளும் பொய்க்கவில்லை. கோபுலு, சில்பி என்னும் இரு பெயர்களும் அவர் இட்டவை. மாலியின் கோடுகள் மேடையிலமர்ந்த சங்கீத வித்துவான்களை நாடின. கீழே விளக்கேற்றிவைத்து ஒதுங்கி நிற்பவனை நாடவில்லை.

‘நகைச்சுவைக்கு இப்படிக் காவல் வைத்தால் நகையே இறந்துவிடுமே; ஏழையைப் பார்த்துச் சிரிக்கலாகாதென்றால் ஏழை நகைச்சுவையிலேயே இடம் பெறாமற் போவானே’ என்று சிலர் தடை நிகழ்த்தக்கூடும். தடை நியாயமானதே. யாம் காவல் வைக்கச் சொல்லவில்லை. கண்ணைத் திறக்கச் சொல்லுகின்றோம். எமது பழைய படத்தில் இருந்த பெருங்குற்றம் தோட்டக்காரரை வரைந்ததன்று. அவரைப் பாராமலே வரைந்தது. மண்வெட்டியைப் பிடிப்பது எவ்வாறென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நோல்பேக்கு விடுதியின் பேரம் தெரியும். டார்லிக்குத் தாவர நூலாரின் பெருமிதம் தெரியும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், இவரைப் பார்த்துச் சிரித்தால் எவரும் கேளார் என்பது மட்டுமே. அறியாதவனைப் பற்றி எழும் நகையும், திருப்பிக் கேளாதவனைப் பற்றி எழும் நகையும் ஒரு செடியின் இரு காய்கள். அவர் சொன்ன ஒரு வாக்கியம் எங்கள் மூவாறு பக்கங்களிலும் இருந்ததைக் காட்டிலும் நல்ல நகைச்சுவை. ‘காலை வெட்டிவிடும்’ என்றாரே. யார் காலை என்று அவர் சொல்லவில்லை.

சித்திரம் தீட்டும் மாணவ நண்பர்களுக்குப் பொருள் ஒன்று தருவோம். 2018-இல் வந்த பெருவெள்ளமும் அதன்பின் வந்த வறட்சியும் விளைவைக் குறைக்க, 2019 ஆகஸ்டு 3-ஆம் நாள் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை ஏறியது. 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. இரண்டு படம் வரைக. முதலதில் ஏலக்காய் முடி சூடிச் சிங்காதனத்தில் இருக்கட்டும். இரண்டாவதில் அதுவே கந்தை உடுத்திக் கைநீட்டி நிற்கட்டும். இரண்டிலும் கீழ்மூலையில் செடியின் அடியிற் குனிந்திருக்கும் ஒரு பெண்ணை வரைக. ஒரு கோடும் மாற வேண்டுவதில்லை. அதே முதுகு, அதே கூடை. அடியில் ‘ஏலம்’ என்று ஒரு சொல் மட்டும் எழுதுக. விலை ஏறும் ஏலம் அவளுக்கு ஏலாது. இறங்கும் ஏலத்தின் சுமையோ அவள் தலையில் முதலில் ஏறும். தோட்டத்துக்கு உடையவரும் இப்படத்தைக் கண்டு சிரிப்பார். சிரித்தபின் சற்றே சிந்திப்பார். விலை விழுந்த ஆண்டில் அவருக்கும் கடன் இருந்ததென்பதை யாம் மறக்கவில்லை. ஆயினும் அவர் பெயர் ரசீதிலும் வங்கிக் கணக்கிலும் இருக்கின்றது.

கடைசியாக ஒரு படம். அது கேலிச் சித்திரமன்று. ஆயினும் சிலேடைச் சித்திரம். உயிர்த்தெழுந்த ஆண்டவரைக் கல்லறைத் தோட்டத்திற் கண்ட மகதலேனா மரியாள், அவரைத் தோட்டக்காரரென்று நினைத்துப் பேசினாள் என்று யோவான் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரம் கூறும். அக்காட்சியை ரெம்பிராண்ட் 1638-ஆம் ஆண்டில், ஆம்ஸ்டர்டம் நகரில் தீட்டினார். ஆண்டவர் தலையில் அகன்ற தொப்பி, கையில் மண்வெட்டி. கிழங்கையும் மண்டையையும் ஒன்றாக்கிச் சிரித்த சித்திரம் வெளிவந்து ஓராண்டே கழிந்திருந்தது. ஒரே நாட்டார், ஒரே தலைமுறையினர். மண்ணைத் தொடாத பூக்காரரைக் கண்டு நகைத்தவர்கள், மண்வெட்டி ஏந்திய தோட்டக்காரர் உருவில் ஆண்டவரைக் கண்டு வணங்கினார்கள். மரியாள் தவறியும் தவறவில்லை என்று பெரிய கிரகோரியார் உரை கண்டார். ஓர் உருவம், இரு பொருள். ஒன்றால் மற்றொன்று தாழவில்லை. சிலேடையின் உச்சம் அதுவென்பது எமது துணிபு.

நமது கல்லூரியின் மரநிழலில் அமர்ந்து இதழ் படிக்கும் நண்பர்காள், அந்நிழலை வளர்த்தவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சிரிக்க வேண்டாமென்று யாம் சொல்லவில்லை. அவரோடு பேசிய பின் சிரியுங்கள் என்கின்றோம். எமது பழைய படத்துக்கு அன்று எழுதத் தவறிய வரியை இன்றாயினும் எழுதுகின்றோம். ‘களை’ என்னும் சொல்லுக்குப் பயிரைக் கெடுக்கும் பூண்டு என்று ஒரு பொருள். முகத்தின் பொலிவு என்று மற்றொரு பொருள். வினையாகும்போது சோர்தல் என்று பிறிதொரு பொருள். லகரத்தைக் கடன் வாங்காமல், ளகரத்திலேயே எங்கள் தோட்டக்காரரின் வரலாறு முழுவதும் இருந்தது.

களை எடுத்தார், களைத்தார், களை பெற்றது கல்லூரி.